ஃபிரிட்ஜ் கதவில் ஐந்து பெயர்கள்

ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்த காகிதத்தை இதோ சார் மூன்று தடவை படித்தார். மகள் கைப்பட எழுதியது. தலைப்பு, ‘வலி வந்தால் கூப்பிட வேண்டியவர்கள்.’ ஒன்று, அம்மா. இரண்டு, மாமியார். மூன்று, எதிர்வீட்டு அக்கா. நான்கு, டாக்ஸி ஸ்டாண்ட். ஐந்து, கீழ்வீட்டுப் பெரியவர். அவ்வளவுதான். காகிதத்தைக் கழற்றிப் பின்பக்கமும் பார்த்தார். பின்பக்கம் காலி.

கீழ்வீட்டுப் பெரியவருக்கு எண்பத்தொரு வயசு. இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காது. அவர் வாயில் இருக்கிற பல்செட்கூட இதோ சார் செய்துகொடுத்ததுதான். அந்த மனுஷன் பட்டியலில் இருக்கிறார், பெற்ற அப்பன் இல்லை.

“ஏம்மா, அவருக்குக் காதே கேக்காதே!”

“கதவைத் தட்டினா வந்துடுவார்ப்பா.”

“காது கேக்காதவருக்குத் தட்டுறது மட்டும் கேக்குமா?”

மகள் கொஞ்சம் யோசித்தாள். “எந்நேரமும் ஜன்னல்கிட்டயேதான் உக்காந்திருக்கார். கையை ஆட்டினா போதும். நீங்க...” என்று ஆரம்பித்து, மேலே சொல்லாமல் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இதோ சாருக்குத் தோன்றியது.

அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் ஒன்று உண்டு. அது ரேஷன் அட்டைக்கும் வங்கிக்கும்தான். தெருவிலும் வீட்டிலும் அவர் ‘இதோ’தான். யார் கூப்பிட்டாலும் “இதோ வந்துட்டேன்” என்பார். வரமாட்டார். பொய் சொல்கிற ஆள் இல்லை, அதுதான் கொடுமை. சொல்லும்போது நிஜமாகவே கிளம்பிவிடுவார். வாசலுக்கும் தெருவுக்கும் நடுவில் என்ன ஆவார் என்பதுதான் யாருக்கும் புரியாத விஷயம். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். வழியில் ஏதாவது ஆடினால், கிறீச்சிட்டால், தொங்கினால், கை தானாகப் பைக்குப் போய்விடும்.

மகள் ஒன்பது வயசில், அப்பா கூட்டிப்போக வருவார் என்று நீச்சல் வகுப்பு வாசலில் இரண்டு மணி நேரம் மழையில் நின்றாள். இதோ சார் அப்போது ஒரு கடைவாய்ப் பல்லுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தார். அது பழைய கதை. புதுக்கதை போன மாசம் நடந்தது. மகளுக்கு ஐந்தாம் மாச ஸ்கேன். மருமகன் கப்பலில் வேலை, கடலில் இருக்கிறான், பிரசவம் முடிந்துதான் வருவான். மகள் அதனால்தான் இங்கே வந்திருக்கிறாள். “நான் கூட்டிட்டுப் போறேன், கார் எடுத்துட்டு வரேன், இதோ” என்று கீழே இறங்கினார். கேட்டின் கீல் தளர்ந்திருந்தது. கீலைச் சரி பண்ணினார். கீலைச் சரி பண்ணும்போது தாழ்ப்பாள் கண்ணில் பட்டது. மகள் அவரைத் தாண்டியே போய் டாக்ஸி பிடித்தாள். “வரேன்ப்பா” என்றுகூடச் சொன்னாள். இவரும் “பத்திரம்மா” என்றார். பத்து நிமிஷம் கழித்துத்தான் சுருக்கென்றது.

இவ்வளவுக்கும் வேலையில் மனுஷன் கெட்டிக்காரர். மூன்று தெரு தள்ளி ஒரு வாடகை அறை. ஜன்னலோரம் நீள மேஜை, மாவு அச்சுகள், மெழுகு உருக்க ஒரு சின்ன அடுப்பு, தாடை மாதிரி திறந்து மூடுகிற பித்தளைச் சட்டங்கள், மூலையில் மெருகு மெஷின். ஐம்பத்துமூன்று வயசில் முப்பது வருஷம் பல்லோடு போயிருக்கிறது. பல்செட் கேட்டு வருகிற எல்லாரிடமும், பழைய போட்டோ ஒன்று வேண்டும் என்பார். சிரித்த மாதிரி இருக்கணும், முறைத்த போட்டோ வேண்டாம். அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, அந்த ஆளுக்கு இருபத்தைந்து வயசில் எந்தப் பல் கொஞ்சம் கோணல், எங்கே சந்து என்று கண்டுபிடித்து, அப்படியே செய்வார். வரிசையாக முத்துப் பதித்த மாதிரி பல் வேண்டுமென்றால் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிடுவார். ஒரு பல்லின் முன்னால் உட்கார்ந்தால் நாலு மணி நேரம் போவது தெரியாது. பசி தெரியாது. போன் அடித்தால் தெரியாது.

“பல்லுல மட்டும் எப்படிங்க இவ்வளவு அக்கறை?” என்று மனைவி கேட்பாள். அவள் தபால் ஆபீசில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்து அடுக்குகிறவள். எது எந்த அறைக்குள் போகணுமோ அது அங்கே போய்த்தான் தீரணும். அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு புருஷன். இருபத்தேழு வருஷமாக அவர் மறந்ததையெல்லாம் அவள்தான் நினைவில் வைத்திருக்கிறாள். கேள்விக்கு அவர் பதில் சொன்னதில்லை. எல்லாரும் சொல்கிற மாதிரி, தனக்குப் பொறுப்பு கிடையாது என்றுதான் அவரும் நம்பியிருந்தார்.

பட்டியலைப் பார்த்த மறுவாரம் அந்தக் கூத்து நடந்தது.

ரிட்டயரான பாட்டு டீச்சர் ஒருத்தருக்கு மேல்வரிசைப் பல்செட். அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அந்த அம்மாவுக்குப் பழைய மாணவிகள் பாராட்டுக் கூட்டம் வைத்திருந்தார்கள். மேடையில் பேசணும். நாலு மணிக்குக் கிளினிக்கில் பல் மாட்டுவதாக ஏற்பாடு. இதோ சார் காலையிலிருந்து சாப்பிடாமல் மெருகு போட்டு, மூன்று மணிக்கு முடித்து, டப்பாவில் போட்டு மூடி, கிளினிக் வரவேற்பு மேஜையில் வைத்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்கு வந்தார். சாப்பிடாத சாப்பாட்டு டப்பாவைத் தொட்டியில் போட்டுவிட்டுப் படுத்தார்.

காலை ஷிப்ட் முடித்து வந்த மனைவி, கழுவலாம் என்று டப்பாவைத் திறந்தாள். உள்ளே பஞ்சுப் படுக்கையில் பதினாலு பல் அவளைப் பார்த்துச் சிரித்தது.

அதே நேரம் கிளினிக்கில் பல் டாக்டர், பாட்டு டீச்சர் முன்னால் பந்தாவாக, “இதோ பாருங்கம்மா, உங்க புதுப் பல்லு” என்று டப்பாவைத் திறந்தார். இரண்டு துண்டு ரொட்டி, ஒரு அவித்த முட்டை.

மனைவி டாக்ஸி பிடித்து, பல்லை மடியில் வைத்துக்கொண்டு, புருஷனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வழி முழுக்க ஒரு வார்த்தை பேசாமல் வந்தாள். அவள் திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். பேசாமல் இருந்தால் இதோ சாருக்குக் கை கால் ஓடாது. உள்ளே போனால் பாட்டு டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். “முட்டை நல்லாத்தான் இருக்கு. மேடையில வழுக்குமேன்னுதான் யோசிக்கிறேன்” என்றார்.

பல் மாட்டினார்கள். கண்ணாடியைக் கையில் கொடுத்தார்கள். டீச்சர் சிரித்தார், சட்டென்று நின்றார், முகத்தைக் கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோனார். முன்பல் இரண்டுக்கும் நடுவில், கல்யாணத்துக்கு முன்னால் அவருக்கு இருந்த அந்தச் சின்னச் சந்து. “ஐயோ, என் சந்து! இதை எப்படிப்பா கண்டுபிடிச்சே?” என்று இதோ சார் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார். கூட்டத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே போய்ச் சேர்ந்தாராம்.

அவர் போனதும் பல் டாக்டர் கதவைச் சாத்தினார். நாற்பது வயசுப் பெண் அவர். வேலை போச்சு என்று இதோ சார் தலையைத் தொங்கப்போட்டார்.

“அண்ணா, முப்பது வருஷத்துக்கு முந்தின போட்டோவுல மயிரிழை சந்தைப் பாக்கிறீங்க. சாப்பாட்டு டப்பாவுக்கும் பல் டப்பாவுக்கும் வித்தியாசம் தெரியலை. இது சின்ன வயசுலேருந்தே இப்படித்தானா?”

“ஆமாம்மா. எனக்குப் பொறுப்பு பத்தாது. வீட்டுல கேளுங்க.”

“என்னையும் அப்படித்தான் சொன்னாங்க. மாசத்துக்கு மூணு குடை தொலைப்பேன். பரீட்சைக்கு முதல் நாள் வரைக்கும் புத்தகத்தைத் தொடமாட்டேன். ஒருத்தர் பேசிட்டிருக்கும்போதே மனசு எங்கயோ போயிடும். முப்பத்தெட்டு வயசுலதான் ஒரு டாக்டர் சொன்னாங்க, இதுக்கு ஏ.டி.எச்.டி.ன்னு பேர், மூளை வேலை செய்யற விதமே அப்படின்னு. நான் மாத்திரை சாப்பிடறேன் அண்ணா. உங்களுக்கும் அதுதான்னு நான் சொல்ல முடியாது, நான் பல் டாக்டர். ஆனா ஒரு நடை போய்ப் பாருங்க.”

“அது சின்னப் பசங்களுக்கு வர்றது இல்லையாம்மா? வகுப்புல உக்காரமாட்டானுங்களே, அது?”

“அந்தப் பசங்களும் வளருவாங்க இல்லையா அண்ணா?” என்றார் டாக்டர்.

மனநல டாக்டரிடம் மனைவியும் கூடப் போனாள். தனக்கு எதுவும் நினைவில் இருக்காது, எல்லாம் இவளிடம்தான் இருக்கிறது என்று இதோ சார்தான் அழைத்துப் போனார். நரைத்த தலை, மெதுவான பேச்சு, மேஜையில் ஒரு காகிதம்கூட இல்லாத டாக்டர். பள்ளிக்கூடத்தில் எப்படி, வீட்டுப்பாடம் எப்படி, தூக்கம் எப்படி, மனசு வாடிக் கிடக்குமா, குடிப்பழக்கம் உண்டா என்று ஒரு மணி நேரம் கேட்டார். இதோ சாரின் அக்காவுக்கு அங்கிருந்தே போன் போட்டார்கள். “இவனா? எட்டு வயசுல பால் வாங்க அனுப்பினோம். சாயங்காலம் பக்கத்துத் தெருவுல சைக்கிள் செயின் மாட்டிட்டிருந்தான், பால் பாத்திரம் இன்னிவரைக்கும் கிடைக்கலை” என்றாள் அக்கா.

அப்புறம் டாக்டர் மனைவியைப் பார்த்து, “நீங்க சொல்லுங்கம்மா” என்றார். தப்புப் பண்ணிவிட்டார். இருபத்தேழு வருஷத்துக் கணக்கை அவள் தேதிவாரியாக எடுத்துவிட்டாள். நடுவில் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டு முடித்து, சில பரிசோதனைகள் பார்த்துவிடலாம், ஆனால் கேட்டதை வைத்துப் பார்த்தால் இது ஏ.டி.எச்.டி.தான் என்று சொன்னார். கவனமே இல்லாத வியாதி இல்லை இது, பிடித்ததில் கவனம் ஒட்டிக்கொள்ளும், தேவையான இடத்துக்குத் திருப்பத்தான் வராது, அதற்கும் அன்புக்கும் சம்பந்தம் இல்லை என்றார்.

மனைவி கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகினாள். “அப்போ இவர் வேணும்னே பண்ணலையா? என்னை மதிக்காம பண்ணலையா?” என்றாள். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இதோ சாருக்கும் வந்துவிட்டது. இத்தனை வருஷமாக அவள் மனசில் இருந்தது இதுதானா என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. டாக்டரே எழுந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

ரத்தப் பரிசோதனை, ரத்த அழுத்தம், இருதயத்துக்கு ஒரு படம் எல்லாம் பார்த்துவிட்டுக் குறைந்த அளவில் மாத்திரை ஆரம்பித்தார்கள். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ கூடாது என்று கண்டிப்பு. வாரம் ஒருநாள் ஆலோசகர் ஒருத்தரோடு உட்கார்ந்து, எதை எப்படிச் செய்வது என்று திட்டம் போடணும். இதோ சார் மாத்திரை ஒன்றைப் போட்டவுடனே தான் கடிகாரம் மாதிரி ஆகிவிடுவோம் என்று நினைத்தார். நாக்கு வறண்டது, மத்தியானம் பசி எடுக்கவில்லை, மூக்குக் கண்ணாடியை வழக்கம்போலத் தொலைத்தார். நொந்துபோனார். அப்புறம் அவருக்கே ஒன்று தோன்றியது. பல்செட் மாட்டிய முதல் நாளே எலும்பு கடிக்க ஆசைப்படுகிறவர்களிடம் அவர் என்ன சொல்வார்? “பல்லை நான் கொடுப்பேன், மெல்லக் கத்துக்க வேண்டியது நீங்கதான்” என்பார். முப்பது வருஷமாக ஊருக்குச் சொன்னதை அந்த வாரம் தனக்கே சொல்லிக்கொண்டார்.

மூன்றாவது வாரம், டாக்டர் அளவைக் கொஞ்சம் கூட்டிய பிறகு, மனைவி தபால் ஆபீஸ் கதை ஒன்று சொல்லிக்கொண்டிருந்தாள். முகவரியே இல்லாத ஒரு பார்சல், அதற்குள் கடிகாரச் சத்தம், எல்லாரும் வெளியே ஓடினார்கள் என்கிற இடம் வரைக்கும் வந்து நிறுத்தினாள். வழக்கமாக அதற்குள் அவர் எழுந்து போயிருப்பார்.

“அப்புறம்?” என்றார் இதோ சார்.

“என்னது?”

“அப்புறம் என்ன ஆச்சு? உள்ள என்ன இருந்துது?”

அவள் வாயைப் பிளந்துகொண்டு அவரைப் பார்த்தாள். “இருங்க, உங்ககிட்ட இவ்வளவு தூரம் நான் வந்ததே இல்லையே” என்று சிரித்தாள். சிரிப்பு அடங்கியபிறகு மீதியைச் சொன்னாள். அலாரம் கடிகாரம்தான். அன்றிலிருந்து அவள் கதைகள் நீளமாகிவிட்டன. அதற்கு மருந்து எதுவும் எழுதித்தரவில்லை டாக்டர்.

ஆலோசகரோடு சேர்ந்து போட்ட திட்டங்கள் பார்க்கச் சிரிப்பாக இருக்கும். கார் சாவி சிவப்புக் கயிற்றில், வீட்டிலானாலும் பட்டறையிலானாலும் வாசல் கொக்கியில், வேறெங்கும் இல்லை. போன் கழுத்தில் தொங்குகிற பையில். பல் டப்பா வெள்ளை, சாப்பாட்டு டப்பா பச்சை. கடைசியாக, சட்டைப்பை ஸ்க்ரூ டிரைவர். அதைப் பட்டறை மேஜையிலேயே வைத்துவிட்டு வரணும். மற்ற எல்லாவற்றுக்கும் சரி சரி என்றவர், இதற்கு மட்டும் இரண்டு நாள் முரண்டு பிடித்தார். வெறும் பையோடு தெருவில் நடக்கிறபோது கூச்சமாக இருந்தது என்றார்.

ஏழாம் மாசம் முடியும்போது மகளிடம் போய் நின்றார். “அந்தப் பட்டியல்ல என் பேரையும் எழுதேன்மா. ஆறாவதாக் கூடப் போதும். பெரியவருக்குக் கீழ.”

மகளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் வயிற்றில் இருப்பது அவள் பிள்ளை. “பார்க்கலாம்ப்பா. முதல்ல ஒத்திகை பார்ப்போம்” என்றாள்.

ஒத்திகை என்றால் நிஜ ஒத்திகை. அவள் திடீரென்று போன் போடுவாள், அவர் பட்டறையிலிருந்து வரணும். முதல் தடவை நாற்பது நிமிஷம் ஆயிற்று, அதுவும் காரை மறந்துவிட்டு நடந்து வந்தார். “என்னைத் தூக்கிட்டா போவீங்க?” என்று மகள் கேட்டாள். இரண்டாவது தடவை காரோடு வந்தார், இருபது நிமிஷம், வழியில் யாருக்கோ டயருக்குக் காற்றடித்துக் கொடுத்திருந்தார். மூன்றாவது தடவை பதினோரு நிமிஷம். நாலாவது தடவை ஏழு. கீழ்வீட்டுப் பெரியவர் ஜன்னலிலிருந்து கைதட்டினார். என்ன விஷயம் என்று அவருக்குத் தெரியாது, ஆனாலும் தட்டினார்.

இதோ சார் ஒவ்வொரு ஒத்திகைக்கும் பிறகு ஃபிரிட்ஜைப் போய்ப் பார்ப்பார். அதே ஐந்து பேர். நாலாவதற்குப் பிறகும் அதே ஐந்து பேர்தான். அதற்குமேல் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டார். பார்த்தால் மனசு வலித்தது. கேட்கவும் வாய் வரவில்லை. மகள் மேல் கோபம் இல்லை, மழையில் நின்றது அவள்தானே.

ஒன்பதாம் மாசம், ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணி. இதோ சார் மெருகு மெஷினில் ஒரு கீழ்வரிசையைப் பிடித்திருந்தார். அருமையாக வந்துகொண்டிருந்தது. இன்னும் நாலே நாலு பல்தான். கழுத்தில் போன் அதிர்ந்தது.

“அப்பா.” மூச்சு வாங்கினாள். “ஒத்திகை இல்லைப்பா.”

“இதோ வந்துட்டேன்” என்றார். சொன்ன அதே கையோடு மெஷினை அணைத்தார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாகப் பாதிப் பல்லை மேஜையில் போட்டுவிட்டு எழுந்தார். வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கினால், கேட்டின் கீல் மறுபடியும் கிறீச்சிட்டது. பாவி கீல், பழக்கதோஷத்தில் கை சட்டைப் பைக்குப் போய்விட்டது. பை காலி. கேட்டைக் காலாலேயே தள்ளிவிட்டு மேலே ஓடினார். ஆறு நிமிஷம்.

ஆஸ்பத்திரி வரவேற்பில் இருந்த பெண் அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள். உடம்பெல்லாம் பல்செட் ஈறின் ரோஸ் கலர் தூள், மூக்குக்குக் கீழே இறங்கிய முகமூடி, வேலை ஏப்ரன். மகளை உள்ளே கூட்டிப்போனார்கள். போகும்போது அவள் இவர் விரலை நசுக்கிவிட்டுப் போனாள். மனைவிக்கு அவர்தான் போன் போட்டுச் சொன்னார். அவள் கடிதங்களை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். கடிதம் பாதியில், பல்லும் பாதியில் என்று அன்று அந்த வீட்டில் எதுவும் முழுசாக முடியவில்லை, பிரசவத்தைத் தவிர.

மூன்றரை மணிக்குப் பேத்தி பிறந்தாள். நர்ஸ் கையில் கொடுத்ததும் குழந்தை கொட்டாவி விட்டது. இதோ சார் தொழில் புத்தியில் உள்ளே எட்டிப் பார்த்தார். “முப்பது வருஷமா பல்லில்லாத வாயைப் பார்த்திருக்கேன். இவ்வளவு அழகா ஒண்ணைப் பார்த்ததே இல்லை” என்றார். மகள் சோர்ந்துபோய்க் கிடந்தவள் சிரித்துவிட்டாள்.

மனைவிதான் திடீரென்று தன் போனை எடுத்துப் பார்த்தாள். “ஏன்டி, உங்கிட்டேருந்து எனக்கு ஒரு கால்கூட வரலையே? முதல்ல என்னைத்தானே கூப்பிடணும்?”

“அப்பாவைத்தான் முதல்ல கூப்பிட்டேன்” என்றாள் மகள், கண்ணை மூடிக்கொண்டே. “பட்டியல்ல அப்படித்தானே இருக்கு.”

இதோ சாருக்கு ஒன்றும் புரியவில்லை. எந்தப் பட்டியல் என்று கேட்டார். மகள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள், அப்புறம் அம்மாவின் காதில் என்னவோ சொன்னாள். இரண்டு பேரும் சேர்ந்து சிரிக்க ஆரம்பித்தார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. வீட்டுக்குப் போய்த் துணிப்பையை எடுத்துக்கொண்டு வாங்க, போகும்போது ஃபிரிட்ஜைப் பாருங்க என்று மட்டும் சொன்னார்கள்.

போய்ப் பார்த்தார். ‘ஒன்று, அம்மா’ என்பதற்கு மேலே, தலைப்புக்கும் அதற்கும் நடுவில் இருந்த கொஞ்சூண்டு இடத்தில், நெருக்கி எழுதியிருந்தது: ‘பூஜ்யம், அப்பா.’ பக்கத்தில் தேதி. நாலாவது ஒத்திகைக்கு மறுநாள். இருபத்திரண்டு நாளாக அது அங்கேயே இருந்திருக்கிறது. இருபத்திரண்டு நாளும் தண்ணீருக்கும் பாலுக்கும் அந்தக் கதவைத் திறந்து மூடியது இவர்தான்.

இதோ சார் சமையலறையில் தனியாக நின்று சத்தம் போட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். காகிதத்தைக் கழற்றி மடித்து, ஸ்க்ரூ டிரைவர் இல்லாத சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கினார். வாசலில் கீல் கிறீச்சிட்டது. நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று அதனிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். பாதி வழி போனபிறகுதான், எடுக்க வந்த துணிப்பை நினைவுக்கு வந்தது. வண்டியைத் திருப்பினார்.